சாலை விதியும் தலைவிதியும்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், மூக்கண்டப்பள்ளியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகனுக்கு வயது 17. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான உரிமம் பெறும் வயதை இன்னும் எட்டாதவன். தந்தையின் வண்டியை எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் விரைந்திருக்கின்றான். தொழிற்சாலையொன்றின் இரவுக் காவல் பணிக்காக நடந்து சென்றுகொண்டிருந்த முதியவர் மீது வண்டி மோதிவிட்டது. மூன்றாம் நாள் அம்முதியவர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த சகோதரர்.

“ஹஜ்ரத், கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. கோர்ட் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவருடைய ஆயுள் அவ்வளவுதான் என்று அல்லாஹ் எழுதிவிட்டான். அந்த விதிக்கு என் மகன் என்ன செய்வான்? மறுமையில் இவன் மீது குற்றம் ஏதும் வராதல்லவா?” என்று தந்தை கேட்டார்.

மகன் தலை நிமிரவே இல்லை. தந்தை எதிர்பார்த்த விடை எதுவென்பது எனக்குத் தெரிந்தது. அவ்விடையைக் கூற என் நா எழவில்லை. மஃரிபுக்குப் பின் வருமாறு கூறி அனுப்பிவிட்டுக் கிதாபுகளைப் புரட்டினேன். அன்றிரவு நான் கூறிய விடை அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. வாசலில் வண்டி நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. ஆகவே, பெயர் குறிப்பிடாமல் எழுத அவர்களின் இசைவைப் பெற்று, இங்கே வாசகர்களின் முன் வைக்கின்றேன்.

இரண்டு விதிகள்

தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இறைவன் வகுத்த கத்ர். மற்றொன்று, மனிதர் ஒழுங்காக வாழ்வதற்கென வகுக்கப்பட்ட சட்டம். நம்மில் பலர் சாலையில் இறங்கும்போது இரண்டாம் விதியை மீறுகின்றனர். விபத்து நேர்ந்த பின்னர் முதல் விதியின் மீது பழியைப் போடுகின்றனர்.

கழா, கத்ரை நம்புவது ஈமானின் அடிப்படைகளுள் ஒன்று. அதில் எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் அந்நம்பிக்கை, கைகால்களைக் கட்டிப்போட வந்ததும் அன்று. குற்றத்தை மூடிமறைக்க வந்ததும் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவைத்து இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் அதைக் கட்டு, பின்னர் இறைவன் மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள் (திர்மிதீ).

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணமானபோது ‘ஸர்ஃக்’ என்னுமிடத்தில், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியுள்ள செய்தியைக் கேள்வியுற்றார்கள். தோழர்களைக் கலந்து ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா வெருண்டோடுகின்றீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் செல்கின்றோம் என்று உமர் (ரலி) அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). எத்துணை ஆழ்ந்த மறுமொழி! நோய் இறைவனின் விதி என்றால், நோயிலிருந்து காத்துக்கொள்ளும் அறிவும் அவன் விதித்ததே. வேகம் உயிரைப் பறிக்கும் என்பது விதி என்றால், வேகத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதும் அவன் வகுத்த விதியே.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழகத்தில் மாண்டோர் 17,884 பேர்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலமும் நம்முடையதே. நாடு முழுவதிலும் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்று மாண்டோர் மட்டும் 50,029 பேர். சாவுகளில் பத்தில் ஏழுக்கு அளவு மீறிய வேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. இவை அனைத்தையும் ‘தலைவிதி’ என்று கூறிவிட்டுப் படுத்துறங்க நமக்கு உரிமை உண்டா?

இறைவன் மீது முழு நம்பிக்கை வைத்தவர்களுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மிஞ்சியவர் எவருமிலர். அவர்களே, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மக்கா வெற்றி நாளன்று தலையில் இரும்புக் கவசம் அணிந்தவர்களாக நகருக்குள் நுழைந்தார்கள் (புகாரீ). தலைக்கவசம் தவக்குலுக்கு முரணானது என்று எண்ணும் இளைஞர்கள் இதனைச் சிந்திக்கட்டும்.

எல்லைக் கோடும் இறையச்சமும்

மூக்கண்டப்பள்ளி, முன்னர் 7 என்னும் எண்ணால் அறியப்பட்டு, இன்று 44ஆம் எண் தாங்கி ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின்னர் இவ்வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. ஷிஃப்ட் மாறும் வேளைகளில் பேருந்துகள், வேன்கள், இருசக்கர வண்டிகள், நடந்து செல்வோர் அனைவரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகின்றனர். இடையில் வட நாட்டிலிருந்து தென்கோடிக்குச் செல்லும் சரக்கு லாரிகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உர்தூவும் கலந்து ஒலிக்கும் இச்சாலையில், அனைவருக்கும் பொதுவாய் விளங்கும் மொழி சாலை விதி ஒன்றே.

இங்கே ஒரு விந்தையைப் பலகாலமாகக் கண்டுவருகின்றேன். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே தலைக்கவசத்துடனேயே வண்டி ஓட்டுகின்றனர். சந்திப்புகள்தோறும் கேமரா இருக்கின்றது. அபராதம் வீட்டுக்கு வந்துவிடும். அத்திப்பள்ளியைக் கடந்து ஜூஜுவாடிக்குள் நுழைந்ததும் கவசம் தலையிலிருந்து இறங்கி, வண்டியின் கண்ணாடியில் தொங்குகின்றது! வீட்டுக்கு அருகில் வந்துவிட்டோம், இனி யார் கேட்கப் போகிறார் என்பது அவர்களின் எண்ணம்.

சட்டம் இருபுறமும் ஒன்றே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியது. தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதைச் சொல்வது அதன் 129ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அதன்படி உயர்த்தப்பட்ட அபராதங்களைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைக்கவசம் இல்லையேல் 1,000 ரூபாய். உரிமம் இன்றி ஓட்டினால் 5,000 ரூபாய். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிடில் 10,000 ரூபாய். இத்தொகைகள் நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனால் மனிதன் கேமராவுக்கு அஞ்சி ஒழுங்காக நடப்பதும், அது இல்லாத இடத்தில் ஒழுங்கைக் கைவிடுவதும் எதனைக் காட்டுகின்றன? எவரும் காணாத இருளிலும் இறைவன் காண்கின்றான் என்ற உணர்வன்றோ தக்வா! நோன்பு நாளில் பூட்டிய அறைக்குள்ளும் ஒரு மிடறு நீர் அருந்தாத அதே பிள்ளை, எல்லையைக் கடந்ததும் சட்டத்தைக் கழற்றி மாட்டுவது ஏன்? சாலையும் அமலுக்கு உரிய இடமே என்பதை நாம் அவனுக்குக் கற்பிக்கவில்லை. குறை அவனிடம் மட்டும் இல்லை.

உரிமம் ஓர் உடன்படிக்கை

“இது மனிதர் போட்ட சட்டம்தானே, மார்க்கச் சட்டமா?” என்று கேட்போரும் உளர். ஓட்டுநர் உரிமத்துக்காகக் கையொப்பம் இடுகின்றவர், சாலை விதிகளை மதித்து நடப்பதாக அரசுக்கும் சமுதாயத்துக்கும் வாக்களிக்கின்றார். வாக்குறுதிகளை நிறைவேற்றுமாறும், ஒவ்வொரு வாக்குறுதி பற்றியும் மறுமையில் விசாரணை உண்டென்றும் திருமறை எச்சரிக்கின்றது (17:34). தாமும் தீங்குறலாகாது, பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபிமொழியிலிருந்து பெறப்பட்ட சட்ட அடிப்படை. 1993ஆம் ஆண்டில் புருனை நாட்டில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சாலை விபத்துகள் குறித்து ஆராய்ந்து, ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்துச் சட்டங்களைக் கடைப்பிடிப்பது மார்க்கக் கடமையே என்று தீர்மானித்தது. சிவப்பு விளக்கில் நிற்பது ஷரீஅத்தின் எந்தச் சட்டத்துக்கு முரண்?

நம் முன்னோரான இமாம்கள் மோட்டார் வண்டியைக் கண்டதில்லை. ஆயினும் சாலையில் செல்வோரின் பொறுப்பை அவர்கள் எத்துணை நுட்பமாக வகுத்துள்ளனர்! ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ நம் மதரஸாக்களில் ஓதப்படும் நூல். பொதுவழியில் செல்வது அனைவருக்கும் ஆகுமானது; ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்க வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டே ஆகுமானது என்பது அதில் காணப்படும் அடிப்படை. வாகனப் பிராணி எவரையேனும் மிதித்தாலோ மோதினாலோ, ஏறிச் செல்பவர் பொறுப்பாளி. ஏனெனில் அதனைத் தவிர்ப்பது அவர் கையில் உள்ளது. ஓடும்போது அது பின்காலால் உதைத்துவிட்டால் அவர் பொறுப்பாளி அல்லர். ஏனெனில் அதனை அவரால் தவிர்க்க இயலாது. ஆனால் பிராணியைப் பொதுவழியில் நிறுத்திவைத்திருந்தாலோ, அந்த உதைக்கும் அவரே பொறுப்பாளி. நடுவழியில் நிறுத்தாமல் இருப்பது அவர் கையில் இருந்ததன்றோ! இரவில் விளக்கின்றி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு உறங்கச் செல்வோருக்கு, எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு இது.

இரண்டு மாத நோன்பு

இனி, அந்தத் தந்தையின் வினாவுக்கு வருவோம். அவர் மகன் கொல்லும் எண்ணத்துடன் வண்டி ஓட்டவில்லை. ஆகவே அது திட்டமிட்ட கொலை ஆகாது. ஆனால் தவறுதலாக உயிரைப் போக்குவதும் ஷரீஅத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று விடப்படவில்லை. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 92ஆம் வசனம் இரண்டு கடன்களை விதிக்கின்றது. ஒன்று, மாண்டவரின் குடும்பத்தாருக்குரிய ‘தியத்’ என்னும் இழப்பீடு. அவர்களாக மன்னித்தாலன்றி அது நீங்காது. மற்றொன்று, இறைவனுக்குரிய பரிகாரம். அடிமையை விடுதலை செய்யும் வாய்ப்பு இல்லாத இக்காலத்தில், இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு நோற்பது. மாண்டவர் நம்முடன் உடன்படிக்கை கொண்டு வாழும் பிற சமுதாயத்தவராயினும் இவ்விரு கடன்களும் உண்டென்று அவ்வசனமே தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே, இறந்தவர் வேற்றுச் சமயத்தவர் என்பதால் கடன் குறையும் என்று எவரும் கருத வேண்டாம்.

நேரிட்ட தீங்கு ஓட்டுநரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயின், அல்லது அடிபட்டவரின் செயலாலோ மூன்றாமவரின் குற்றத்தாலோ நேர்ந்ததாயின், ஓட்டுநர் மீது பொறுப்பு இல்லை என்றும் மேற்கூறிய ஃபிக்ஹ் அகாடமி விளக்கியுள்ளது. ஆனால் எதிர்த்திசையில், உரிமம் இன்றி, வேகமாக வந்தவருக்கு இவற்றுள் எந்த வாயில் திறக்கும்?

“அவன் சிறுவனாயிற்றே” என்றார் தந்தை. நாட்டின் சட்டத்தில் அவன் சிறுவன்தான். அதனாலேயே அச்சட்டம், வண்டியைக் கொடுத்த பெற்றோரைப் பிடிக்கின்றது. 2019இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பாதுகாவலருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. உரிமம் அற்றவர் ஓட்டிய வண்டிக்காக இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், அத்தொகையை உரிமையாளரிடமே திரும்பப் பெற இன்சூரன்ஸ் நிறுவனம் முனையும். ஷரீஅத்தில் அவன் சிறுவன் அல்லன். 15 வயது நிறைந்தவர் பருவம் எய்தியவராகவே கொள்ளப்படுவார் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபீ மத்ஹபின் ஃபத்வாவும் அதுவே. ஆக, இங்கே தந்தை குற்றவாளி. அங்கே மகன் கடனாளி. பிள்ளையின் மீது கொண்ட பாசத்தால் சாவியைக் கொடுத்த கை, அவன் தலையில் இரண்டு மாத நோன்பையும் ஓர் உயிரின் கடனையும் சேர்த்தன்றோ கொடுத்துவிட்டது!

ஜும்ஆவுக்கு விரைவோர்

இன்று வெள்ளிக்கிழமை. இப்பகுதியைப் படித்துவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்படுவோரிடம் ஒரு வேண்டுகோள். தொப்பி அணிந்த மூவர் ஒரே வண்டியில், தலைக்கவசம் இன்றி, குத்பா தவறிவிடுமே என்று சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். இகாமத்தின் ஒலி கேட்டாலும் ஓடி வராமல் அமைதியாகவும் கண்ணியமாகவும் நடந்து வருமாறும், கிடைத்ததைத் தொழுது, தவறியதைப் பின்னர் நிறைவு செய்யுமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் (புகாரீ, முஸ்லிம்). தொழுகைக்காக ஓடுவதையே விரும்பாத மார்க்கம், தொழுகைக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைப்பதை ஏற்குமா?

ஹஜ்ஜின்போது அரஃபாத்திலிருந்து பெருங்கூட்டம் திரும்பியது. பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அமைதியைக் கடைப்பிடியுங்கள், விரைவதில் நன்மை இல்லை என்று கருத்துரைத்து மக்களை அடக்கினார்கள். ஆனால் வழி அகன்று கிடந்த இடத்தில் தம் வாகனத்தைச் சற்று விரைவாகவும் செலுத்தினார்கள் (புகாரீ). இடமறிந்து விரைவதும், இடமறிந்து நிதானிப்பதும் சுன்னத் என்று இதிலிருந்து உணர்கின்றோம். பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை விரைவாக ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல் மெல்ல ஓட்டுமாறு கூறியதும் அவர்களே. மனைவியையும் கைக்குழந்தையையும் பின்னால் அமர்த்திக்கொண்டு லாரிகளுக்கு இடையே வளைந்து செல்லும் சகோதரர்கள், தாம் கண்ணாடியைச் சுமந்து செல்வதை நினைவிற்கொள்க.

பள்ளிவாசலின் முன் சாலையை அடைத்து வண்டிகளை நிறுத்துவதும் களையப்பட வேண்டிய வழக்கம். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றென்று ஓதிவிட்டு, நாமே இடையூறாவது முறையன்று. ஜமாஅத் நிர்வாகிகள் வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சில இளைஞர்களை நியமித்தல் நலம். மணமகனுக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அதனை ஒழிக்க வேண்டும். ஒழியும் வரையிலேனும், தலைக்கவசம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

அடிபட்டுக் கிடப்போர்

நெடுஞ்சாலையில் ஒருவர் குருதி வடியக் கிடக்க, போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே என்றஞ்சி விலகிச் செல்வோர் பலர். அந்த அச்சத்துக்கு இன்று இடமில்லை. உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30ஆம் நாள் ஆணையிட்டது. பின்னர் 134-ஏ பிரிவாக அது சட்டத்திலேயே இடம்பெற்றது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர இயலாது. பெயரைக் கூறுமாறும் வற்புறுத்த இயலாது. தமிழக அரசு 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகின்றது. 108 என்னும் எண்ணைச் சுழற்றினால் போதும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்னும் இறைமறையின் கருத்தை (5:32) மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அதனைச் செயற்படுத்த இறைவன் வாய்ப்பளிக்கும் இடம் பெரும்பாலும் சாலையோரமே.

ஆள்வோரும் முதலாளிகளும்

குற்றம் முழுவதையும் ஓட்டுநர் தலையில் சுமத்துவதும் நீதியன்று. தம் ஆட்சியில் எங்கோ தொலைவில் ஒரு விலங்கு இடறி விழுந்தாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று இறைவன் தம்மைக் கேட்பானே என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாறு கூறுகின்றது. தொழிலாளர் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கும் இடங்களில் போதிய விளக்கும், பாதுகாப்பாகக் கடக்கும் வழியும் அமைப்பது ஆள்வோரின் அமானிதம். திரும்பும் இடம் வெகுதொலைவில் இருப்பதும் மக்களை எதிர்த்திசையில் செல்லத் தூண்டுகின்றது. அதனையும் அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

லாரி, வேன் உரிமையாளர்களாக நம்மவரும் பலர் உள்ளனர். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்திருந்தது. உறக்கமற்ற ஓட்டுநரை மறுநாள் காலைக்குள் சரக்கைச் சேர்க்குமாறு விரட்டும் முதலாளி, வழியில் நேரும் உயிரிழப்பில் தமக்குப் பங்கில்லை என்று கூற இயலாது. 2016 ஜூன் மாதம் மேலுமலை அருகே லாரியும் தனியார் பேருந்தும் மோதி 15 பேருக்கு மேல் மாண்ட துயரத்தை இம்மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. அன்று காலையில் ‘போய் வருகின்றேன்’ என்று கூறிச் சென்றவர்கள் அவர்கள்.

அன்றிரவு இவற்றையெல்லாம் விளக்கிய பின்னர், தந்தை நெடுநேரம் பேசவில்லை. மகன்தான் முதன்முறையாக வாய் திறந்து, “நோன்பை எப்போது தொடங்க வேண்டும் ஹஜ்ரத்?” என்று கேட்டான். ரமளானும் பெருநாட்களும் இடையில் வாராத வண்ணம் கணக்கிட்டு நாளைக் குறித்துக் கொடுத்தேன். மாண்ட முதியவரின் மனைவியை நேரில் கண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தியத் பற்றிப் பேசுமாறு தந்தையிடம் கூறினேன். அவர் சென்று வந்தார். அந்த மூதாட்டி, “என் வீட்டுக்காரர் என்றும் ஓரமாகத்தான் நடப்பார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

விதியைப் பேணி ஓரமாக நடந்தவர் அவர். அவர் மீது வந்து மோதியது தலைவிதி என்று கூற எனக்குத் துணிவில்லை.

வல்ல இறைவன் நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பேணும் நற்பண்பை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.